கல்லூரி விளையாட்டு வீரரும் புலமைப்பரிசிலும்

புலமைப்பரிசில் என்னும் சொல்லை அறியாத பெற்றோர் இலங்கையில் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதல், மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லும் விரிவுரையாளர் வரை, பலரும் அப்பெயரால் ஏதோ ஓர் உதவியைப் பெறுகின்றனர். சொல்லைச் சிறிது நின்று நோக்கினால், அது புலமைக்குக் கொடுக்கப்படும் பரிசில் என்பது விளங்கும். பண்டைத் தமிழகத்தில் புலவன் பாடினான். புரவலன் பொன்னும் யானையும் கொடுத்தான். அடுத்த ஆண்டு பாட்டுச் சுவைக்கவில்லை என்று கொடுத்த யானையைத் திருப்பிக் கேட்ட புரவலன் எவனையும் இலக்கியம் அறியாது.

ஐக்கிய அமெரிக்காவிலே பந்தெறியும் கைக்கும் பாய்ந்தோடும் காலுக்கும் இதே பெயரால் ஒரு பரிசில் வழங்கப்படுகிறது. அதன் வரலாறும் நடைமுறையும் நேயர்கள் பலருக்குப் புதியனவாக இருக்கலாம். 1945ஆம் ஆண்டு முதல் பாலர் வகுப்புத் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நிலைபெற்ற நாட்டில் வாழ்வோருக்கு, கல்லூரிக் கட்டணம் என்பது ஒரு குடும்பத்தை எவ்வளவு அழுத்தக்கூடியது என்பதை உணர்வது எளிதன்று. அமெரிக்காவில் அரசாங்கக் கல்லூரியாயினும் தனியார் கல்லூரியாயினும் மாணவர் கட்டணம் செலுத்துவதே பொது விதி. விடுதியும் உணவும் நூல்களும் வேறு. நடுத்தரக் குடும்பங்களும் கடன்பட்டே பிள்ளையைப் பட்டதாரியாக்குகின்றன. அத்தகைய நாட்டில், “எங்கள் அணியில் ஆட வா, உன் படிப்புச் செலவை நாங்கள் ஏற்கிறோம்” என்று ஒரு கல்லூரி அழைக்குமாயின், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது வாழ்வின் வாயிலே திறந்தது போன்றதாகும்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதற் போட்டியிலேயே வணிகத்தின் கை இருந்தது என்பது சுவையான செய்தி. 1852ஆம் ஆண்டு ஹவார்ட், யேல் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர்கள் நியூ ஹம்ஷயர் மாநிலத்து ஏரியொன்றிலே படகோட்டினர். அவர்களின் செலவை ஏற்றது ஒரு புகைவண்டிக் கம்பனி. போட்டியைக் காண வருவோர் தனது வண்டியில் ஏறுவர் என்பதே அதன் கணக்கு. பின்னர் உதைபந்தாட்டம் வந்தது. இது இலங்கையில் அப்பெயரால் வழங்கும் ஆட்டமன்று. றகர் ஆட்டத்திலிருந்து பிறந்து முரட்டுத்தனத்தில் அதனையும் விஞ்சிய அமெரிக்க ஆட்டமாகும். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் இளைஞர் பலர் ஆடுகளத்திலே மாண்டனர். ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் பின்னர் 1906இல் அமைக்கப்பட்டு, 1910இல் இன்றைய பெயரைப் பெற்றதே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். கல்லூரி விளையாட்டின் விதிகளைப் பெரும்பாலும் இதுவே வகுத்து வந்திருக்கிறது.

அந்தக் காலத்துச் சங்கம் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பதை அறவே மறுத்தது. விளையாட்டு விளையாட்டுக்காகவே என்பது அதன் கொள்கை. கொள்கை ஏட்டில் இருந்தது. பணமோ பின்வாசல் வழியாகச் சென்றது. நல்ல ஆட்டக்காரனுக்குப் பழைய மாணவர் ஒருவர் செலவுக்குக் கொடுப்பார்; அல்லது வேலை செய்யாமலே சம்பளம் பெறும் ஓர் உத்தியோகம் கல்லூரியிலேயே காத்திருக்கும். கார்னகி நிறுவனம் 1929இல் வெளியிட்ட நீண்ட அறிக்கை, ஆராயப்பட்ட கல்லூரிகளுட் பெரும்பாலானவற்றில் இவ்வழக்கம் இருந்ததை அம்பலப்படுத்தியது. படித்தோர் முகஞ்சுளித்தனர், ஆட்டம் தொடர்ந்தது.

1948இல் சங்கம் ஒரு நடுவழியைத் தேடிற்று. வறிய வீரனுக்குக் கல்விக் கட்டணம் மாத்திரம் கொடுக்கலாம். உணவுக்கும் உறையுளுக்கும் அவன் உண்மையாகவே உழைத்துப் பொருள் தேட வேண்டும் என்று விதித்தது. ஏழு கல்லூரிகள் இவ்விதியைக் கைக்கொள்ளவில்லை. 1950இல் அவற்றைச் சங்கத்திலிருந்து நீக்கும் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. நீக்குதற்குப் பெரும்பான்மை கிடைத்தபோதிலும், வேண்டப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே விதி கைவிடப்பட்டது. 1956இல், வறுமையோ கல்வித்திறமையோ நோக்காது, விளையாட்டுத் திறமை ஒன்றையே கருதி உதவி வழங்கலாம் என்று சங்கம் ஏற்றுக்கொண்டது. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, நூல்கள் ஆகியவற்றோடு, உடுப்புத் தோய்ப்பதற்கென மாதம் 15 டொலரும் கொடுக்கலாம் என்றனர். மறைவாக நடந்தது அன்று முதல் வெளிச்சத்துக்கு வந்தது. பொய்யைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆனால், கொடுக்கும் பணத்துக்கு என்ன பெயர் என்ற வினா அப்போதே எழுந்துவிட்டது. அதை எழுப்பியது கல்விமான்களின் மாநாடன்று. கொலராடோ மாநிலத்து நீதிமன்றம். டென்வர் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரரான ஏர்னஸ்ட் நெமத் என்பவர் பயிற்சியின்போது காயமடைந்தார். பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஆடுகளங்களிற் சிறு வேலைகள் செய்து அவர் ஊதியம் பெற்று வந்தார். உதைபந்தாட்டத்தை விட்டால் அந்த வேலையும் போய்விடும் என்பது விசாரணையிலே தெரிந்தது. ஆகவே, அவர் பல்கலைக்கழகத்தின் தொழிலாளியே. தொழிலாளருக்குரிய நட்டஈடு அவருக்கு உரியது என்று மாநில உயர் நீதிமன்றம் 1953இல் தீர்த்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரிக்காக ஆடிய றே டெனிசன் என்பவர், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மாண்டார். அவருடைய மனைவி நட்டஈடு கோரினார். கீழ்மட்ட விசாரணைகளில் வழக்கு அவர் பக்கம் சாய்ந்தது. 1957இல் மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. கல்லூரி உதைபந்தாட்டத்தைத் தொழிலாக நடத்தும் நிறுவனமன்று. மாண்டவர் ஆடுவதற்காகக் கூலி பெற்றவருமல்லர் என்று கூறி, அந்த விதவையின் கோரிக்கையை நிராகரித்தது.

இக்காலத்திலேதான் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற தொடர் சங்கத்தின் எழுத்துகளிலே பரவலாயிற்று. 1951 முதல் 1987 வரை சங்கத்தின் நிருவாகத் தலைவராக இருந்த வோல்ரர் பையர்ஸ், ஆட்டக்காரரைத் தொழிலாளர் என்று நீதிமன்றங்கள் கருதிவிடுமோ என்ற அச்சத்தினாலேயே இத்தொடர் ஆக்கப்பட்டது என்பதை, ஓய்வுபெற்றபின் 1995இல் வெளியிட்ட தமது நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்பதற்கு இனிய தொடர். மாணவன் என்ற முதற்பாதி கல்விக்கூடத்தின் மதிப்பைக் காக்கிறது. நட்டஈட்டிலிருந்து அதன் பணப்பெட்டியையும் காக்கிறது. கொடுப்பது உதவி என்றால், பெறுபவனுக்கு உரிமை இல்லை. நன்றி மட்டுமே உண்டு. கூலி என்றாலோ, காயத்துக்கும் மரணத்துக்கும் கொடுப்போன் பதில் சொல்ல வேண்டும். எழுபது ஆண்டுகளாக அமெரிக்காவில் நடந்துவரும் வழக்குகள் யாவும் இந்த இரண்டு சொற்களுக்கிடையே நடப்பனவே.

உதவியின் தன்மை 1973இல் மேலும் மாறியது. அதற்கு முன்னர் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுக்க முடிந்ததை, ஓர் ஆண்டுக்கு மட்டுமே கொடுத்துப் பின்னர் புதுப்பிக்கலாம் என்று சங்கம் மாற்றியது. புதுப்பிப்பதில் பயிற்றுநரின் வாக்குக்கே பெருமதிப்பு இருந்தது. மாணவன் ஒருவன் கணிதத்தில் சிறந்து விளங்கலாம். வகுப்பில் ஒழுங்காக இருக்கலாம். ஆனால் முழங்கால் முறிந்து ஓட்டம் தளர்ந்தால், அடுத்த ஆண்டு அவன் படிப்புக்குப் பணம் வருமா என்பது நிச்சயமற்றதாயிற்று. பரிசில் புலமைக்கு அன்று, காலுக்கு என்பது இங்கேதான் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. கொடுத்த யானையைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இது. பல ஆண்டுகளுக்கான உதவியை மீண்டும் வழங்கக் கல்லூரிகளுக்கு 2012ஆம் ஆண்டளவிலேதான் இடம் கிடைத்தது.

பிள்ளை நன்றாக ஓடுகிறான், அமெரிக்கக் கல்லூரியொன்று முழுச் செலவையும் ஏற்கும் என்று எண்ணும் பெற்றோர் உலகெங்கும் உளர். அவர்கள் அறியவேண்டியது வேறு. சங்கத்திலுள்ள கல்லூரிகள் மூன்று பிரிவாக வகுக்கப்பட்டுள்ளன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவிப்பணம் கிடையாது. இரண்டாம் பிரிவிற் பெரும்பாலும் பகுதி உதவியே. முதற் பிரிவிலும் ஹவார்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுக் கல்லூரிகள், 1954இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, விளையாட்டுக்காக எவருக்கும் பணம் வழங்குவதில்லை. குடும்பத்தின் வருவாயைப் பார்த்தே உதவுகின்றன. எஞ்சிய பெருங் கல்லூரிகளில் 2025 வரை நிலவிய கணக்கு விசித்திரமானது. முதல்தர உதைபந்தாட்ட அணியில் 85 பேர், ஆண்கள் கூடைப்பந்தாட்டத்தில் 13 பேர் எனத் தலைக்கு ஒன்றாக முழு உதவி உண்டு. பேஸ்போல் அணி முழுமைக்கும் 11.7 உதவிகளே. ஆண்கள் ஓட்டம், பாய்தல், எறிதல் யாவற்றுக்கும் சேர்த்து 12.6. தசமத்தில் ஒரு மனிதன் ஏது என்று நகைக்கத் தோன்றும். அந்தத் தொகையைப் பயிற்றுநர் துண்டுதுண்டாக்கி, ஒருவனுக்குப் பாதி, மற்றொருவனுக்குக் கால் எனப் பங்கிடுவார். உயர்தரப் பாடசாலைகளில் விளையாடும் அமெரிக்கப் பிள்ளைகளுள் நூற்றுக்கு இரண்டு பேரளவிலேயே கல்லூரியில் விளையாட்டு உதவியைப் பெறுகின்றனர் என்று சங்கமே கூறுகிறது.

பெண்களின் நிலை நெடுங்காலம் இதனினும் தாழ்வு. 1960இல் றோம் நகரில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று உலகை வியக்கவைத்த வில்மா ருடோல்ப், ரென்னசி மாநிலக் கல்லூரி மாணவி. போலியோ நோயினாற் பிள்ளைப் பருவத்திலே கால் வலுவிழந்து, பின்னர் மின்னலென ஓடியவர். அவருக்குக் கிடைத்தது விளையாட்டுப் பரிசில் அன்று. நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் கல்லூரியிலே வேலை செய்து, அதற்கீடாகவே அவர் படித்தார். 1963இற் பட்டமும் பெற்றார். கறுப்பினப் பெண் ஒருத்தியின் ஓட்டத்துக்கு அக்காலக் கல்லூரி வைத்த விலை அவ்வளவே. 1972இல் நிறைவேறிய சட்டமொன்று, மத்திய அரசாங்கப் பணத்தைப் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று விதித்தது. அதன் பின்னரே பெண்களுக்கும் விளையாட்டு உதவி பரவலாகத் திறந்தது. லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஆன் மேயர்ஸ் என்பவருக்கு 1974இல் முழு உதவி வழங்கியமை அம்மாற்றத்தின் தொடக்கங்களுள் ஒன்று.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் கேட்கும் முதற் கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது: பணம் பெற்ற மாணவன் படித்தானா? விடை எப்போதும் மகிழ்ச்சி தருவதன்று. கெவின் றொஸ் என்ற உயரமான இளைஞர் நெபிராஸ்கா மாநிலத்துக் கிரெய்ற்றன் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் 1982 வரை கூடைப்பந்தாட்டம் ஆடினார். நான்கு ஆண்டுகள் கழிந்தபின்னும் பட்டமில்லை. வாசிப்பும் எழுத்தும் சிறு வகுப்புப் பிள்ளையின் நிலையிலேயே இருந்தன. அவர் சிக்காக்கோ நகரத்துப் பாடசாலையொன்றுக்குச் சென்று, சிறுவர்களோடு வகுப்பில் அமர்ந்து வாசிக்கக் கற்றார். ஆறடிக்கு மேல் உயர்ந்தவர் சிறு பிள்ளைகளின் நடுவே அமர்ந்து எழுத்துக் கூட்டிய அக்காட்சியை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. பின்னர் அவர் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். மோசமாகக் கற்பித்தமைக்காக வழக்காட முடியாது. ஆனால், வாக்களித்த கல்வியைப் பெறும் வாய்ப்பையே மறுத்திருந்தால் அது உடன்படிக்கையை மீறியதாகலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 1992இற் கூறிற்று. வழக்கு பின்னர் இணக்கமாக முடிந்தது.

இத்தகைய நிகழ்ச்சிகளின் விளைவாகச் சங்கம் கல்வித்தகுதி விதிகளைக் கடுமையாக்கியது. 1983இல் ஏற்கப்பட்டு 1986இல் நடைமுறைக்கு வந்த விதி, உயர்தரப் பாடசாலையில் முக்கிய பாடங்களிற் குறிப்பிட்ட சராசரிப் புள்ளியும் பொதுத் தேர்வில் ஒரு குறைந்தபட்சப் புள்ளியும் வேண்டும் என்றது. வறிய பாடசாலைகளிற் படித்த கறுப்பினப் பிள்ளைகளையே இவ்விதி கூடுதலாகத் தடுக்கிறது என்று பலர் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் இருந்தது. இன்று முதற் பிரிவிற் சேர்வதற்கு 16 முக்கிய பாடநெறிகளைக் கற்றிருக்க வேண்டும். பொதுத் தேர்வுப் புள்ளி 2023இல் கைவிடப்பட்டது. வாயிலில் காவலாளியை நிறுத்துவது எளிது. உள்ளே வந்தவன் பகலெல்லாம் பயிற்சியிலும் வார இறுதியெல்லாம் பயணத்திலும் கழிக்கும்போது நூலைத் திறக்க நேரம் எங்கே என்ற கேள்விக்குச் சங்கத்தின் விதிப்புத்தகம் தக்க விடை தரவில்லை.

எனினும், முறையின் நன்மையை மறைப்பது முறையன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியிலும் 1956இல் மெல்பேண் போட்டியிலும் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைத் தேடித்தந்தார். அவர் முன்னர் குறிப்பிட்ட லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலேயே கற்று அதன் அணியிலும் பாய்ந்தார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2024இல் அவர் மறைந்தபோது உயரம் பாய்ந்த வீரரெனவும் கல்விமானெனவும் ஒருங்கே போற்றப்பட்டார். கால் ஓய்ந்தபின்னும் கற்ற கல்வி அவரோடு நின்றது. பாய்ச்சலும் படிப்பும் ஒரே வளாகத்தில் இடம்பெறும் அமெரிக்க ஏற்பாடு தரக்கூடியதில் மிகச் சிறந்தது இதுவே.

அண்மைக் காலத்தில் பணத்தின் அளவே மாறிவிட்டது. தொலைக்காட்சி நிறுவனங்கள் பெருங் கல்லூரிகளின் ஆட்டங்களுக்குக் கோடிக்கணக்கான டொலர் கொடுக்கின்றன. பயிற்றுநர்கள் மாநில ஆளுநரைவிடப் பன்மடங்கு சம்பளம் பெறுகின்றனர். ஆடுபவன் மட்டும் உதவி பெறும் மாணவனாகவே இருக்க வேண்டும் என்பதை நீதிபதிகள் நெடுங்காலம் ஏற்கவில்லை. 2021ஆம் ஆண்டு யூன் மாதம், அமெரிக்காவின் தலைமை நீதிமன்றத்து நீதிபதிகள் 9 பேரும் ஒருமனதாக, கல்வியோடு தொடர்புடைய உதவிகளுக்குச் சங்கம் வரம்பிட முடியாது என்று தீர்த்தனர். அடுத்த மாதமே, வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருள் ஈட்டச் சங்கம் இடமளித்தது. 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் முதலானோர் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட இணக்கத்தை நீதிபதி அங்கீகரித்தார். அதன்படி, இணக்கத்தில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் முதலாண்டில் 20.5 மில்லியன் டொலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம். பழைய 85, 13, 11.7 என்ற உதவிக் கணக்குகள் அக்கல்லூரிகளில் ஒழிந்தன. அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற எல்லையே மிஞ்சியது.

இது ஓட்டக்காரனுக்கும் நீச்சற்காரனுக்கும் நற்செய்தியா என்பது தெளிவில்லை. விதி இப்போது அணியிலுள்ள அனைவருக்கும் முழு உதவி கொடுக்க அனுமதிக்கிறது; கொடு என்று கட்டளையிடவில்லை. பகிர்ந்தளிக்கும் பணத்தில் பெரும்பங்கு உதைபந்தாட்டத்துக்கும் ஆண்கள் கூடைப்பந்தாட்டத்துக்குமே போகிறது. செலவைச் சமாளிக்க வேண்டிச் சிறிய அணிகளைக் கலைத்த கல்லூரிகளும் உள. இலங்கை போன்ற நாடுகளிலிருந்து மாணவர் விசாவிற் செல்வோருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த விசா தொழில் செய்வதை இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. படிப்புதவியைப் பெறுவதில் தடையில்லை; விளம்பரப் பணத்தையோ பங்குப் பணத்தையோ பெற்றால் அது தொழிலாகக் கருதப்படுமோ என்ற ஐயம் அவர்களை வாட்டுகிறது. உதவியா கூலியா என்ற பழைய வினா, அவர்களுக்கு நாட்டிலே தங்கலாமா கூடாதா என்ற வினாவாகவும் ஆகிவிடுகிறது.

இவ்வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. சிக்காக்கோவை அடுத்துள்ள நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்து உதைபந்தாட்ட வீரர்கள், உதவி பெறும் தாங்கள் தொழிலாளரே என்று தொழிலாளர் உறவுச் சபையின் பிராந்திய அதிகாரியிடம் 2014இல் தீர்ப்புப் பெற்றனர்; தலைமைச் சபை 2015இல் அவ்விடயத்தில் தலையிட மறுத்துவிட்டது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியினரைத் தொழிலாளர் என்று மற்றொரு பிராந்திய அதிகாரி கூறினார். டார்ட்மத், விளையாட்டுக்குப் பணம் வழங்காத அந்த எட்டுக் கல்லூரிகளுள் ஒன்று. ஒரு சதமேனும் பரிசில் பெறாதவர்களுக்கே அத்தீர்ப்புக் கிடைத்தது. மார்ச் மாதத்தில் அணியின் 15 பேரில் 13 பேர் தொழிற்சங்கத்திற் சேர வாக்களித்தனர். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு உடன்படவில்லை. அந்த ஆண்டின் கடைசி நாளில், வழக்கைத் தொடராமல் அவர்கள் தமது விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டனர்.